டேப் ஓரத்தில்தான் இருக்கிறது வேலை: மாடல்களுக்கு மாஸ்கிங், பெயிண்டிங்

பகலில் நான் பெயிண்ட் அடிப்பது லாரி கேபினுக்கும் பஸ் பாடிக்கும். கிருஷ்ணகிரியில் சேலம் ரோட்டுப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டு மாடியில் அடிப்பது ஒரு சாண் நீள விமானத்துக்கும், சன் போர்டில் (இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) வெட்டி ஒட்டிய பஸ்ஸுக்கும். பட்டறையில் பெரிய கன், மாடியில் பேனா அளவு ஏர்பிரஷ். கருவிதான் மாறுகிறது, வேலையின் ஒழுங்கு ஒன்றுதான்.

பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து பஸ் மாடல் செய்கிற பையன்கள் வருவார்கள். செய்கிற கை எல்லாருக்கும் நன்றாகவே இருக்கிறது. கதவு திறக்கும், வைப்பர் ஆடும், உள்ளே சீட் வரிசை கூட இருக்கும். கேட்பது மட்டும் ஒரே கேள்வி: "ண்ணா, டேப்பை எடுத்தா ஓரமெல்லாம் பல்லு பல்லா வந்திருக்குது. என்ன பண்றது?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான். பெயிண்ட் படக் கூடாத இடத்தை டேப்பால் மூடுவதுதான் மாஸ்கிங். டேப்புக்கும் பரப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. ஈரமான பெயிண்ட் அதற்குள் இறங்குகிறது. அந்த இடைவெளியை முன்கூட்டியே அடைத்துவிட்டால் கோடு நேராக விழும். நல்ல கை, விலை உயர்ந்த ஏர்பிரஷ் எல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த டேப்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெள்ளை மாஸ்கிங் டேப்பை உற்றுப் பாருங்கள். காகிதம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். இழுத்தால் நீள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கீழே ஒரு சின்ன வாய்க்கால். நிஜ பஸ்ஸில் பெயிண்ட் ஒரு மில்லிமீட்டர் உள்ளே இறங்கினால் ரோட்டில் போகிற யாருக்கும் தெரியாது. 1/72 அளவு விமானத்தில் (நிஜத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கியது) அதே ஒரு மில்லிமீட்டர், நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டருக்குச் சமம். அது கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

அதனால் கோடு விழுகிற ஓரத்துக்கு ஜப்பானிய வாஷி காகிதத்தில் செய்த மஞ்சள் டேப் வேண்டும். ஜப்பானிய மாடல் கம்பெனியான டமியாவின் டேப் 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில் வருகிறது. காகிதம் வழவழப்பு, ஒட்டும் பசை மென்மை, எடுக்கும்போது கீழே இருக்கும் பெயிண்டைப் பிடுங்காது. இதைச் சிக்கனமாகப் பயன்படுத்தலாம். ஓரத்துக்கு மட்டும் மஞ்சள் டேப், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய பரப்பை மூட ஹார்டுவேர் டேப்பும் பழைய பேப்பரும் போதும். ஒரு எச்சரிக்கை: பழைய பேப்பரை நேராகப் பெயிண்டின் மேல் அழுத்தி வைக்காதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பரப்பில் இது தெளிவாகத் தெரியும். வெறும் நோட்டுத் தாள் பாதுகாப்பு.

நல்ல டேப்பாக இருந்தாலும் சுருளின் ஓரத்தை அப்படியே நம்பக் கூடாது. மேஜையில் கிடந்த சுருளின் பக்கவாட்டில் தூசியும் நூலும் ஒட்டியிருக்கும். நம் ஊரில் கிரானைட் லாரிகள் போகிற ரோட்டோரம் வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். கண்ணாடிக் கடையில் மீந்துபோன துண்டு ஒன்றை வாங்கி, ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். டேப்பை அந்தக் கண்ணாடியில் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, புது பிளேடால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சீவி எடுத்துவிடுங்கள். அப்போது கிடைக்கும் ஓரம்தான் கோடு போடுவதற்குரிய ஓரம். கண்ணாடியில் ஒட்டி எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, பசையின் பிடி கொஞ்சம் குறையும். சுருளை ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்னாப் கட்டராக இருந்தால் முனை மழுங்கியதும் உடைத்துப் போடுங்கள். மழுங்கிய பிளேடு டேப்பை வெட்டாமல் இழுக்கும், இழுத்த ஓரம் நூல் நூலாக நிற்கும்.

தின்னர் விஷயத்தில் கவனம்

பட்டறைக்காரன் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு அடிக்கிற என்சி (நைட்ரோ செல்லுலோஸ்) தின்னரை, பாகங்களாக வாங்கி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கிட்டுகள் பாலிஸ்டைரீனில் செய்தவை. என்சி தின்னரில் இருக்கும் கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். துணியில் நனைத்துத் துடைத்தாலே ரிவெட் வேலைப்பாடெல்லாம் மழுங்கிப் போகும். தெர்மோகோல் இன்னும் மோசம், ஸ்பிரே கேன் பட்டாலே உருகி உள்ளே போய்விடும். சன் போர்டு கொஞ்சம் தாங்கும், ஆனால் அதற்கும் முதல் கோட் மெல்லிய தூவலாகத்தான் இருக்க வேண்டும்.

டமியா அக்ரிலிக் பெயிண்டுக்கு அதே கம்பெனியின் எக்ஸ்-20ஏ தின்னர் இருக்கிறது. கையில் அது தீர்ந்துவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேலை செய்யும். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது அதுதான், உதிரிபாகம் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். ஹம்ப்ரால் கம்பெனியின் எனாமல் பெயிண்டுக்கு டர்பன்டைன்.

பரப்பைத் தயார் செய்வது

கிட்டில் அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்து பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுகளில் பட்டி வைத்து 800, அப்புறம் 1000 வாட்டர் பேப்பரில் தேய்த்து, சாம்பல் பிரைமர் ஒரு கோட். பிரைமர் ஏன் என்றால், டேப்பை எடுக்கும்போது பெயிண்ட் தோலாக உரிந்து வருவது பெரும்பாலும் பிரைமர் இல்லாத பரப்பில்தான்.

சன் போர்டு பஸ்ஸுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. வெட்டிய ஓரங்களில் துளைகள் தெரியும், அவை பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஓரங்களுக்கு மட்டும் மெல்லிய பட்டி தடவித் தேய்த்துவிட்டால் பக்கவாட்டுப் பலகையும் ஓரமும் ஒரே பளபளப்பில் வரும்.

எந்த நிறம் முதலில்

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. வெள்ளை, மஞ்சள், அப்புறம் சிவப்பு, கடைசியில் நீலமோ கறுப்போ. சிவப்பின் மேல் வெள்ளையை அடித்தால் மறைக்கப் பல கோட் தேவைப்படும், அத்தனை கோட்டும் சேர்ந்து டேப் ஓரத்தில் ஒரு வரப்பு எழும்பும். விரலால் தடவினால் தட்டுப்படும், வெளிச்சம் பட்டால் நிழல் விழும்.

அடித்த நிறத்தின் மேல் டேப் ஒட்ட எவ்வளவு நேரம் காத்திருப்பது? அக்ரிலிக் அரை மணியில் தொட்டால் ஒட்டாது, ஆனாலும் ஒரு ராத்திரி விட்டுவிடுவது நல்லது. எனாமலுக்குப் பல நாள் தேவை. நான் நம்புவது மூக்கை. மாடலைப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் உள்ளே இன்னும் காய்கிறது என்று பொருள். வாசனை நின்ற பிறகு டேப்.

ஒட்டுவதும் அடைப்பதும்

டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்து ஒட்டினால் அது மெல்லச் சுருங்கித் தன் நீளத்துக்கே திரும்பும், முனைகள் தூக்கிக்கொள்ளும். தளர்வாக வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விரலால் அழுத்துங்கள். அடுத்து ஒரு பல்குச்சியைப் படுக்கவைத்து ஓரத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மஞ்சள் டேப்பில் ஒரு வசதி இருக்கிறது. சரியாக ஒட்டிய இடம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும், ஒட்டாத இடம் வெளிறித் தெரியும். மாடலை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் எங்கே தூக்கியிருக்கிறது என்று டேப்பே காட்டிக்கொடுக்கும்.

பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள்) குறுக்கே போகும் இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். டேப் பள்ளத்தின் மேல் பாலம் போட்டு நிற்கும், பெயிண்ட் அந்தப் பள்ளம் வழியாக அந்தப் பக்கம் ஓடிவிடும். பல்குச்சி நுனியால் டேப்பை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தி இறக்க வேண்டும். பல் பல்லாக வருகிற ஓரங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இப்போது முக்கியமான வேலை. வெள்ளை பஸ்ஸில் சிவப்புப் பட்டை போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டேப் ஒட்டியாயிற்று. உடனே சிவப்பை எடுக்காதீர்கள். கீழே இருக்கிற அதே வெள்ளையை எடுத்து டேப்பின் ஓரத்தின் மேல் மெல்லியதாக ஒரு தடவை தூவுங்கள். எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் வெள்ளை இறங்கிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெள்ளையின் மேல் வெள்ளை இறங்கினால் யாருக்குத் தெரியும்? இது காய்ந்த பிறகு சிவப்பை அடித்தால் அது போவதற்கு வழியே இல்லை. டேப்பை எடுக்கும்போது கோடு பிளேடால் வெட்டியெடுத்த நேர்த்தியில் நிற்கும்.

கீழே ஒரே நிறமாக இல்லாமல் இரண்டு மூன்று நிறங்கள் இருந்தால் வெள்ளைக்குப் பதில் கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) தூவுங்கள், அதே வேலையைச் செய்யும். இந்த ஒரு தூவலுக்கு ஆகிற நேரம் பத்து நிமிஷம். பையன்கள் நிறையப் பேர் தவிர்ப்பது இதைத்தான். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடிப்பது

ஏர்பிரஷ் என்றால் 0.3 மில்லிமீட்டர் முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். டமியா அக்ரிலிக்கை ஒரு பங்குக்கு ஒரு பங்கு தின்னர், தேவைப்பட்டால் ஒன்றரைப் பங்கு வரை. கப்பின் சுவரில் பால் மாதிரி வழிந்து ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்ல வேண்டும். பட்டறைக் கம்ப்ரஸரில் செருகுவதாக இருந்தால் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடிக்கும் டிராப்பும் கட்டாயம். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீர் ஒரு துளி வந்தாலே ஒரு வார வேலை போய்விடும்.

டேப்பின் பக்கமிருந்து திறந்த பரப்பை நோக்கி அடியுங்கள். எதிர்த் திசையில் அடித்தால் காற்றே பெயிண்டை டேப்புக்கு அடியில் தள்ளும். முதல் ஓட்டம் வெறும் தூவல், நிறம் மங்கலாகத்தான் தெரியும். சில நிமிஷம் விட்டு அடுத்தது. மூன்று நான்கு மெல்லிய ஓட்டங்களில் நிறம் நிறைந்துவிடும். நிறைந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஒன்று அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், அந்த இன்னொன்றுதான் வரப்பை எழுப்புவது.

ஸ்பிரே கேன் வைத்திருப்பவர்கள் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் பிடியுங்கள். மாடலுக்கு வெளியே அடிக்க ஆரம்பித்து, மாடலைக் கடந்து, வெளியே போய் விரலை எடுங்கள். கேனை வெயிலில் வைக்க வேண்டாம். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும். சித்திரை மாத மொட்டைமாடித் தளத்தில் அது வெகு சீக்கிரம் சூடேறிவிடும்.

மூக்கில் கர்ச்சீப் கட்டுவது தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். பட்டறையில் வருஷக்கணக்காக மாஸ்க் இல்லாமல் வேலை செய்த பெரியவர்களுடன் இருந்திருக்கிறேன், அந்த இருமல் எனக்குத் தெரியும்.

டேப்பை எடுக்கும் நேரம்

பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் எடுங்கள். கல்லாகக் காயும் வரை விட்டால் பெயிண்ட் படலம் டேப்போடு ஒன்றாகிவிடும், எடுக்கும்போது ஓரம் செதிலாக உடையும். டேப்பை அதன் மேலேயே மடக்கி, பரப்போடு படிந்தபடி, மெதுவாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் கீழ் நிறமும் சேர்ந்து வரும். நம் ஊர் வெயிலில் டேப்பை நாள்கணக்கில் விட்டுவைத்தால் பசை இளகிப் பரப்பிலேயே தங்கிவிடும். முடிந்தவரை ஒட்டிய நாளே எடுத்துவிடுகிற அளவுக்கு வேலையைத் திட்டமிடுங்கள்.

பஸ்ஸின் வளைவுக் கோடுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ரூட்டில் ஓடும் தனியார் பஸ்களைப் பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் நேர்க்கோடு குறைவு. முன் சக்கரத்துக்கு மேலே எழும்பி, ஜன்னலுக்குக் கீழே இறங்கி, பின்னால் போய் மறுபடி எழும்புகிற அலைக்கோடுதான் அழகே. பையன்கள் திணறுவதும் அதில்தான்.

அகல டேப்பை வளைத்தால் உள் ஓரம் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவிய மஞ்சள் டேப் ஓரளவு வளைவு வரை சுருக்கமில்லாமல் படியும். அதைவிடக் கூர்மையான வளைவுக்கு, வளைவுகளுக்கென்றே விற்கும் நெகிழும் டேப் இருக்கிறது. முதலில் மெல்லிய டேப்பால் கோட்டை மட்டும் வரையுங்கள். ஒரு கையால் சுருளைப் பிடித்து இன்னொரு கை விரலால் படியவைத்துக்கொண்டே போக வேண்டும். எட்டி நின்று பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் எடுத்து மறுபடி ஒட்டுங்கள். கோடு திருப்தியாக வந்த பிறகுதான் அதன் பின்னால் அகல டேப்பும் தாளும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டுமே? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடியில் இரண்டு டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரே வெட்டில் வெட்டினால் இரண்டும் அச்சாக ஒன்றாக வரும், ஆனால் இரண்டும் பஸ்ஸின் ஒரே பக்கத்துக்குத்தான் பொருந்தும். எதிர்ப்பக்கத்துக்குத் திருப்பிப் போட்ட வடிவம் தேவை, டேப்பைத் திருப்ப முடியாது, பசை ஒரு பக்கம்தான். அதனால் வடிவத்தை டிரேஸிங் தாளில் வரையுங்கள். வலது பக்கத்துக்கு அதை அப்படியே டேப்பின் மேல் வைத்து வெட்டுங்கள், இடது பக்கத்துக்குத் தாளைத் திருப்பிப்போட்டு வெட்டுங்கள். தாளில் சக்கர மையத்தையும் முன் கதவின் ஓரத்தையும் குறித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்காரும்.

பெயர் எழுத நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்காரர்களிடம் வினைல் மாஸ்க் வெட்டித் தரச் சொல்லலாம். தமிழ் எழுத்தில் ஒரு பாடு இருக்கிறது. 'கிருஷ்ணகிரி' என்று வெட்டினால் 'ண'வின் சுழிகளுக்குள்ளும் 'கி'யின் உள்ளேயும் இருக்கிற குட்டித் துண்டுகள் தனித்தனியாக நிற்கும். கையால் எடுத்து ஒட்டப் பார்த்தால் பாதி தொலைந்துவிடும். மேலே டிரான்ஸ்பர் டேப் ஒட்டி எழுத்து முழுவதையும் ஒரே தூக்கில் கொண்டுவந்து பதித்து, அப்புறம் டிரான்ஸ்பர் டேப்பை மட்டும் உரித்து எடுங்கள், சுழிகள் தம் இடத்தில் நிற்கும். எழுத்து 5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் மாஸ்கிங்கை விட்டுவிட்டு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம்) அடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். வினைலின் பசை வலுவானது, அதையும் ஒருமுறை கண்ணாடியில் ஒட்டி எடுத்துப் பிடியைக் குறைத்த பிறகே பெயிண்டின் மேல் வையுங்கள்.

கறுப்பு வெள்ளைப் பட்டைகள்

விமானக் கிட் செய்பவர்களுக்கு மாஸ்கிங் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. 1944 ஜூன் 6-ம் தேதி நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது, சொந்தப் படையே தங்கள் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்று இறக்கையிலும் உடலிலும் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்து பட்டைகள் போட்டார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24 அங்குலம். ஒற்றை எஞ்சின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் 18 அங்குலம் 1/72 அளவில் 6.35 மில்லிமீட்டர், 1/48 அளவில் 9.5 மில்லிமீட்டர். 1/72-க்கு 6 மில்லிமீட்டர் டேப்பை அப்படியே ஒட்டினால் ஒவ்வொரு பட்டையும் நிஜத்தில் ஓர் அங்குலம் குறைவதற்குச் சமம். துல்லியம் வேண்டுபவர்கள் 10 மில்லிமீட்டர் டேப்பிலிருந்து சீவிக்கொள்ளலாம். நான் 6 மில்லிமீட்டரிலேயே போடுகிறேன். நிஜ விமானங்களில் அவசர அவசரமாகப் பிரஷால் அடித்த பட்டைகள்தான் நிறைய, புகைப்படங்களில் ஓரம் கோணலாகவே தெரியும்.

வரிசை இதுதான். பட்டை வரும் இடம் முழுக்க வெள்ளையை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஐந்து துண்டு டேப்பை இடைவெளி இல்லாமல் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். இரண்டாவதையும் நான்காவதையும் எடுத்துவிடுங்கள். அளவெடுக்கவே தேவையில்லாமல் கறுப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வெளிப்பக்கத்தையும் தாளால் மூடி, ஓரங்களில் வெள்ளையைத் தூவி அடைத்து, அப்புறம் கறுப்பு. முழுக் கறுப்பு சின்ன மாடலில் கனமாகத் தெரியும், டமியாவின் எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக் போன்ற சாம்பல் கலந்த கறுப்பு நன்றாக உட்காரும். கறுப்பு காய்ந்ததும் மற்ற மூன்று டேப்பையும் எடுக்காமல், கறுப்பின் மேல் புதிதாக இரண்டு துண்டுகளை ஒட்டிவிடுங்கள். இப்போது ஐந்து பட்டையும் மூடியிருக்கின்றன, மீதி விமானத்துக்கு உருமறைப்பு நிறத்தைத் தைரியமாக அடிக்கலாம்.

மங்கலான ஓரம்

உருமறைப்பு நிறங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் கத்திக் கோடு வேண்டாம், லேசாகக் கலங்கியிருக்க வேண்டும். கிட்டோடு வரும் படத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து வெட்டி, மாடலின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தி அடித்தால் அந்தக் கலக்கம் வரும். எவ்வளவு பெரிதாக்குவது? மாடலின் இறக்கை நீளத்தைப் படத்தின் இறக்கை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 11.23 மீட்டர், 1/72-ல் 156 மில்லிமீட்டர். படத்தில் 110 மில்லிமீட்டர் இருந்தால் 142 சதவீதம். ஜெராக்ஸ் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

வெட்டிய தாளின் அடியில், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, டேப்பைச் சின்னச் சுருளாக உருட்டி ஒட்டினால் தாள் தூக்கி நிற்கும். சுவரில் படம் ஒட்டும் களிம்பு வைத்திருந்தால் அதைத் திரித்து வைக்கலாம். உயரம் கூடக்கூட ஓரம் மங்கலாகும். நேராக மேலிருந்து அடியுங்கள், சாய்வாக அடித்தால் தாளுக்கு அடியில் புகுந்துவிடும். 1944 ஸ்பிட்ஃபயருக்கு டமியா நிறங்களில் அடிப்பக்கம் எக்ஸ்எஃப்-83 சாம்பல், மேலே முதலில் எக்ஸ்எஃப்-82 சாம்பல், அதன் மேல் எக்ஸ்எஃப்-81 பச்சை.

நம் ஊர் வானிலை

பங்குனி, சித்திரையில் மத்தியானம் அடித்தால் பெயிண்ட் முனையிலிருந்து மாடலுக்குப் போவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும். தடவினால் சொரசொரவென்று இருக்கும், அந்தப் பரப்பில் டேப்பும் சரியாக ஒட்டாது. வெயில் ஏறுவதற்கு முன் காலையில் அடித்து முடித்துவிடுங்கள், இல்லையென்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி சேருங்கள். ஆடிக்காற்று சமயத்தில் மாடியில் அடிக்கவே வேண்டாம், ஜன்னல் சாத்திய அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து அடியுங்கள். பட்டறையில் செய்வதுபோலத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது. ஐப்பசி மழையில் லாக்கர் (சீக்கிரம் காயும் தின்னர் பெயிண்ட்) அடித்தால் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விடுகிற வரை டேப் வெட்டுவது, பட்டி தேய்ப்பது என்று வேறு வேலை பாருங்கள்.

பிசகினால்

அத்தனையும் செய்த பிறகும் எங்காவது ஒரு முடி அளவு பெயிண்ட் இறங்கியிருக்கும். உடனே தின்னர் துணியை எடுக்காதீர்கள், சுற்றியிருக்கும் நிறமும் சேர்ந்து போகும். நன்றாகக் காயவிட்டு, கூரான பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். கீழே லாக்கரும் மேலே அக்ரிலிக்கும் என்றால் பல்குச்சி நுனியை ஐசோபுரொப்பைலில் லேசாக நனைத்துச் சுரண்டினால் மேல் நிறம் மட்டும் வந்துவிடும். வரப்பு எழும்பியிருந்தால் 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தம் கொடுக்காமல் தேயுங்கள். பெயிண்ட் உரிந்த இடத்தில் ஓரத்தை 1500-ல் தேய்த்துப் பள்ளம் தெரியாமல் செய்த பிறகே மறுபடி பிரைமர்.

கண்ணாடிக் கூடு

விமானி உட்காரும் கண்ணாடிக் கூட்டைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், அதன் டேப்பையும் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். சின்னத் துண்டு டேப்பைக் கண்ணாடியின் மேல் ஒட்டி, சட்டத்தின் விளிம்பு புடைத்துத் தெரியும் வரை பல்குச்சியால் தேயுங்கள். அப்புறம் புத்தம்புது பிளேடின் நுனியை அந்த விளிம்பின் மேல் எடை கொடுக்காமல் ஓட்டுங்கள். வெட்டுவது பிளேடின் கூர்தான், கை அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும். வளைவான கண்ணாடியாக இருந்தால் விளிம்பை ஒட்டி மெல்லிய துண்டுகளை மட்டும் ஒட்டி, நடுவை மாஸ்கிங் திரவத்தால் நிரப்பிவிடலாம்.

சட்டத்துக்கு முதலில் காக்பிட்டின் உள்நிறத்தை அடித்து, அதன் மேல் வெளிநிறத்தை அடியுங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சட்டத்தின் உள்பக்கம் சரியான நிறத்தில் தெரியும். டெக்கால் ஒட்டி, கடைசி மேட் கிளியர் அடித்துக் காய்ந்த பிறகு மாஸ்க்கை எடுங்கள், முன்னாடியே எடுத்தால் மேட் கிளியர் கண்ணாடியைப் பனி படிந்ததாக்கிவிடும். எடுக்க நகத்தையோ பிளேடையோ விடாதீர்கள். பல்குச்சியால் ஒரு மூலையைத் தூக்கி, இடுக்கியால் பிடித்து மடக்கி இழுங்கள். பசை ஏதாவது தங்கியிருந்தால் புதுத் துண்டு டேப்பை அதன் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள், வந்துவிடும்.